நாலாவது இலை

பிப்ரவரி 2, திங்கள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்வதற்கு முந்தின நாளே அண்ணி சொல்லிவிட்டார். என் கீழிமையை இழுத்துப் பார்த்து, "கண்ணு ரெண்டும் மஞ்சளாட்ட இருக்குது. போயி ரத்தங் குடுத்துட்டு வா" என்றார். ரத்தத்தில் பிலிரூபின் ஒன்றுக்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு ஒன்பது. மூன்று வாரம் படுக்கை. எண்ணெய் கூடாது, உப்பு பேருக்கு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி விழுதை மோரில் கலந்து குடிக்க வேண்டும்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா, அமிர்தம். நான் காய்ச்சலில் படுத்தபோது அவருக்குக் குஜராத்தில் சைட் வேலை, வர முடியாது. அதனால் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அக்காவை அனுப்பிவிட்டார். அவர் ஒரு துணிப்பையும் ஒரு சின்ன அம்மியுமாக வந்து இறங்கினார். மிக்ஸியில் அரைத்தால் மூலிகை செத்துப்போகுமாம். கோவை பீளமேட்டில் மூன்றாம் மாடிக்கு அம்மியைத் தூக்கி வந்த ஒரே பெண்மணி இவராகத்தான் இருக்கும்.

மாலையில் வரதராஜன் போன் செய்தார். 'பொத்தான்' இணைய இதழின் ஆசிரியர். நான் அதில் 'ஆட்டக்காரி' என்ற பெயரில் கணினி விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறேன். நிறைகள் கொஞ்சம், குறைகள் கொஞ்சம், கடைசியில் ஒரு தீர்ப்பு. "படுத்துக்கிட்டே ஆடலாம் இல்ல? 'இடக்கரை'ன்னு ஒண்ணு அனுப்பறேன். இருபதாம் தேதி வெளியாகுது. தமிழ்ல நாமதான் முதல்ல எழுதறோம்" என்றார்.

பவானியில் மூன்று பேர் சேர்ந்து செய்ததாம். யார் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

திரை திறந்ததும் ஆறு. ஆறு மட்டும்தான். அரை நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. கெட்டுப்போன கோப்போ என்று நினைத்தேன். பிறகு பனி கொஞ்சம் விலகி, ஒரு பரிசல் தெரிந்தது.

பரிசலில் மூன்று பேர். குப்பாயி, மருத்துவச்சி, வாய் ஓயாதவள். சடையன், பழைய திருடன், திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். முத்தான், உடுக்கை அடிப்பவன், பேசுவதே இல்லை. கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வகை விளையாட்டு. கடலுக்குப் போகும் வழியை ஆறு மறந்துவிட்டது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவருடைய கனவு தங்கியிருக்கிறது. அதற்குள் இறங்கிப் பேசலாம், சண்டை போடலாம், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

தண்ணீரைக் கையால் வரைந்திருக்கிறார்கள். பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம், ஆடி மாதம் புது வெள்ளம் வருவதற்கு முன் பவானி ஆறு அப்படி இருக்கும். அதை வரைந்த கை எப்போதும் தூரிகையைக் கொஞ்சம் அதிகமாக நனைக்கும். இது என் ஊகம்தான்.

பிப்ரவரி 4, புதன்

தூங்கினேன். விழித்தேன். மோர். தூங்கினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

காமாலைத் தூக்கம் வேறு மாதிரி. நடுப்பகலில் கண்ணை மூடினால் மெத்தைக்குக் கீழே தண்ணீர் அசைகிறது. திறந்தால் மடியில் கணினி, அதிலும் தண்ணீர். எது எங்கே முடிகிறது என்று சில நேரம் குழப்பமாக இருக்கிறது. குழப்பம் பிடித்தும் இருக்கிறது, டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

வேலையைப் பார்ப்போம். இதுவரை குறித்த நிறைகள்: கூட்டாளிகளின் பேச்சு. குப்பாயியும் சடையனும் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்கவே பரிசலை மெதுவாக ஓட்டினேன். இசை. உடுக்கையும் புல்லாங்குழலும் மட்டும், அதிலும் பாதி நேரம் மௌனம்.

குறைகள்: எழுத்து கடுகு அளவு. பையைத் திறந்தால் எந்தச் சாமான் எங்கே என்று தேடியே பொழுது போகிறது. மூன்றாம் துறையில் சண்டைகள் இழுவை. நாம் மூவரும் முறை வைத்து அடிக்க, பனிப்பூதங்கள் முறை வைத்துத் திருப்பி அடிக்கின்றன. அதில் ஒரு வேடிக்கை. பரிசலில் நாலு இடம். மூன்றில் ஆள், ஒன்று காலி. பூதங்கள் அந்தக் காலி இடத்தையும் மறக்காமல் அடித்துவிட்டுப் போகின்றன.

பெரிய குறை பரிசலே. எப்படித் துடுப்புப் போட்டாலும் இடது பக்கம் ஒதுங்குகிறது. வலக்கரைக்குப் போக ஒரு மணி நேரம் முயன்று பாறையில் மோதியதுதான் மிச்சம். ஆரம்பப் பதிப்பை ஆடிய பலர் இதைப் பற்றி எழுதித் தீர்த்திருக்கிறார்கள். செய்தவர்களிடமிருந்து ஒரே பதில்: "தெரியும். மாற்றுவதாக இல்லை." திமிர்தான்.

பிப்ரவரி 7, சனி

அண்ணி என் கட்டிலோரம் நாற்காலி போட்டு, கீரை ஆய்ந்துகொண்டே விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சீரியல் பார்ப்பது போலத்தான். குப்பாயியை அவருக்குப் பிடித்திருக்கிறது. சடையனை நம்பவில்லை.

இன்று பரிசலை ஒரு மணல் திட்டில் ஒதுக்கிச் சாப்பிட உட்கார்ந்தோம். கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டால்தான் மூவருக்கும் தெம்பு திரும்பும். குப்பாயி தேக்கிலை போடுகிறாள். அண்ணி கீரையை நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, மூணு பேருக்கு நாலு எலை போடறாளே?"

"அது தப்பு அண்ணி. செஞ்சவங்க சரியாப் பாக்கல."

"தப்பா? சோறும் வெக்கறாளே."

உண்மைதான். பையில் பன்னிரண்டு கட்டுச்சோறு இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் எட்டு. நான்கு துறை தாண்டுவதற்குள் சோறு தீர்ந்து, கூட்டாளிகள் சோர்ந்து, சண்டையில் தோற்கிறோம். எல்லாம் அந்த உபரி இலையால். குறைகளில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

"ஆராச்சும் வருவாங்களாட்ட இருக்குது" என்றார் அண்ணி. கீரையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

படுத்தபடியே யோசித்தேன். பரிசல் ஒதுங்குவதும் நாலு சோறு போவதும் ஒரே தப்புதான். நாலு பேர் உட்கார்ந்தால் எடை எப்படிப் பரவும் என்று ஒருவர் நிரலில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சோற்றுக்கும் அதே நாலு. பிற்பாடு கூட்டாளிகளில் ஒருவரை எடுத்துவிட்டார்கள். கணக்கை யாரும் தொடவில்லை. நாலு என்ற இடத்தில் மூன்று என்று மாற்றினால் போதும். ஒரே ஓர் எண். ஒரு நிமிட வேலை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இப்படித்தான் எழுதுவார்கள். அனுபவம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விமர்சனத்தை அனுப்பிவிட்டேன். விளையாட்டு முடியவில்லை, பாதிதான் ஆடியிருக்கிறேன். ஆனாலும் போதும், பாதி ஆற்றிலேயே லட்சணம் தெரிந்துவிட்டது. கடைசிப் பத்தி நன்றாக வந்திருக்கிறது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'அழகான தண்ணீர், அருமையான பேச்சு. ஆனால் மூன்று பேருக்கு நாலு சோறு எடுக்கும் கணக்கை ஒன்பது வருடமாகத் திருத்தத் தெரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் கரையிலேயே இருந்திருக்கலாம். சோம்பலுக்குக் கவிதை என்று பெயர் வைக்க முடியாது.'

அண்ணி இளநீர் கொண்டுவந்தார். "என்ன, மூஞ்சி இப்படிக் கெடக்குது?" என்றார். காமாலை என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

பிலிரூபின் ஆறு. அண்ணி அம்மியை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

வரதராஜனுக்கு விமர்சனம் ரொம்பப் பிடித்துவிட்டது. "காரம் தூக்கலா இருக்கு, இருபதாம் தேதி காலையிலேயே போட்டுடறேன்" என்றார். பிறகு, "ஒரு சந்தேகம். ஒன்பது வருஷம்னு எழுதியிருக்கீங்க. அவங்க எங்கயும் அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே?"

"ஏதோ பேட்டியில படிச்சேன் சார்."

"எங்க வந்துச்சு? லிங்க் இருந்தா அனுப்புங்க."

தேடி அனுப்புகிறேன் என்றேன். அப்படிப் பேட்டி எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மத்தியானக் கனவு. பரிசலில் நாலு இடமும் காலி. துடுப்பு தானாகப் போகிறது. கரையில் யாரோ என் பெயரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. வியர்வை.

பிப்ரவரி 13, வெள்ளி

விமர்சனம் போன பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. எழுந்து நடக்கவும் தெம்பில்லை, வேறென்ன செய்வது.

ஒன்பதாம் துறையில் ஆற்றங்கரை மீன்கடை ஒன்று வருகிறது. ஓலைப் பந்தல், பெரிய இரும்புச் சட்டி, மூக்குத்தி போட்ட ஓர் அம்மா. அண்ணி, "மீன் வறுக்கற வாசம் வர்ற மாதிரியே இருக்குது. எண்ணெயப் பாத்தே பத்து நாளாச்சு உனக்கு" என்றார்.

"மாரக்கா கடை" என்றேன். "கட்லா தலைய எங்களுக்குன்னு எடுத்து வெப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. விளையாட்டில் அந்த அம்மாவுக்குப் பெயரே போடவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"எங்களுக்குன்னா ஆரு?" என்றார்.

சொன்னேன். எழுதுவதற்கும் இதுதான் நேரம் போலிருக்கிறது. தாமு கதை எழுதினான். ஜெரினா படம் வரைந்தாள். பெலிக்ஸ் புல்லாங்குழல் வாசித்தான். நான் நிரலுக்குக் கணக்கு எழுதினேன். ஈரோட்டில் ஒன்றாகப் படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் பவானியில் ஒரு தையல் கடைக்கு மேல் அறை எடுத்தோம். விளையாட்டுக்கு அப்போது 'நால்வர்' என்று பெயர். சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அவ்வளவுதான். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்தானே.

"சொல்லிட்டுத்தான போன?" என்றார் அண்ணி.

அடுப்பில் ஏதோ இருக்கிறது பாருங்கள் என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று பரிசலோடு மல்லுக்கட்டக் கையில் வலுவில்லை. துடுப்பை விட்டுவிட்டேன். பரிசல் தன் போக்கில் இடது பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, ஒரு பாறையிலும் மோதாமல், வரிசையாகத் துறைகளைத் தொட்டது. நான் இதுவரை தவறவிட்ட துறைகள். எத்தனை அழகு. ஊஞ்சல் கட்டிய ஆலமரம், தண்ணீருக்குள் விளக்கு எரியும் ஒரு வீடு, தறிச் சத்தம் மட்டும் கேட்கும் ஆளில்லாத தெரு.

எல்லாம் இடக்கரையில். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதின்மூன்று நாள் ஆகியிருக்கிறது. அவர்களுக்குத் திருத்தத் தெரியாமல் இல்லை. என் கணக்கு பரிசலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அங்கெல்லாம் ஊரை வரைந்திருக்கிறார்கள். ஆற்றையே அதற்குத் தகுந்தபடி வளைத்திருக்கிறார்கள். விளையாட்டின் பெயரிலேயே அது இருக்கிறது.

நான் சோம்பல் என்று எழுதி அனுப்பியது இதைத்தான்.

கடைசித் துறையில் ஒரு பேருந்து நிறுத்தம். மதிய வெயில். சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண், மடியில் மஞ்சள் பை. முகத்தைத் தெளிவாக வரையவில்லை, ஜெரினா அதைத் தண்ணீரில் கரைய விட்டிருக்கிறாள். ஆனால் உட்காரும்போது ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து வைப்பது நான்தான். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

அவளைக் கூட்டாளியாகச் சேர்க்க முடியவில்லை. 'எங்களோடு வாருங்கள்' என்றால், 'பஸ் வரட்டும்' என்கிறாள். குப்பாயியைப் பேசவைத்தாலும், சடையனை விட்டு மிரட்டினாலும், மீன் வாங்கிக் கொடுத்தாலும் அதே பதில். முன்பே ஆடியவர்களும் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் நாற்பத்து மூன்று தடவை கூப்பிட்டாராம். 'நாலாவது இடத்துக்கு ஆளே கிடையாது, ஏமாற்று வேலை' என்று முடித்திருக்கிறார்.

அண்ணி அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். "பஸ்சுக்கு நிக்கறவளப் போட்டு வா வான்னா எப்பிடி வருவா? செத்த நேரம் பக்கத்துல உக்காருங்க. அவளே வாயத் தொறப்பா."

"அப்படி ஒரு வழி இல்லைங்க அண்ணி."

இருக்கிறது. சாப்பிட உட்காரும் பொத்தானை எங்கே வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தப் பயமாக இருந்தது. கணினியை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அழுத்தினேன். குப்பாயி பெஞ்சின் முன்னால் நாலு இலை போட்டாள். மூவரும் உட்கார்ந்தார்கள். சாப்பிடவில்லை. உடுக்கை நின்றுவிட்டது. தூரத்தில் ஒரு காக்கை, பிறகு தண்ணீர், அவ்வளவுதான் சத்தம். அண்ணியும் நானும் நிஜமாகவே பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி வெங்காயம்கூட உரிக்கவில்லை.

பஸ் வந்தது. பச்சை பஸ். அந்தப் பெண் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏறிய பிறகு ஜன்னலில் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வரி சொன்னாள்.

'சாப்பாட்டுக்கு வந்துடறேன்.'

பஸ் போய்விட்டது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சடையன் நாலாவது இலையை எடுக்கப் போனான். குப்பாயி அவன் கையைப் பிடித்து, 'இருக்கட்டும்' என்றாள். பரிசலுக்குத் திரும்பினார்கள். நாலாவது இடம் காலியாகவே இருந்தது. ஆறு கடலைப் பார்த்துத் திரும்பியது.

மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்றைக்கு ஜெரினா என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். ஈரோட்டில் ஒரு ஒயர் வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். மஞ்சள் பையில் மூன்று செட் துணி இருந்தது. "மாரக்கா கட்லா தலை எடுத்து வெச்சிருக்காங்க" என்றாள். பஸ் கிளம்பும்போது, "சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று சொன்னது நான்தான். பிறகு போன் எண்ணையும் மாற்றிவிட்டேன்.

வேலை ஒரு சாக்கு. விளையாட்டு நன்றாக வராது, சென்னையில் நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், அதில் என் கணக்கும் இருக்கும் என்று பயந்தேன். கப்பல் கவிழும் என்று முதலில் குதித்தது நான். அது கவிழவில்லை. கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுங்கியே ஒன்பது வருடம் போயிருக்கிறது.

அண்ணி என் தலையைத் தடவிவிட்டு, "அழு கண்ணு, அழுதா பித்தம் எறங்கும்" என்றார். இதற்கு மருத்துவ ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. அழுதேன்.

பிப்ரவரி 18, புதன்

பிலிரூபின் மூன்று.

வரதராஜனை அழைத்தேன். விமர்சனத்தைப் போட வேண்டாம் என்றேன். நாளை மறுநாள் வெளியீடு, இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி என்றார். அதில் பாதி ஆற்றைத்தான் ஆடியிருக்கிறேன், மீதிப் பாதியில் நானே இருக்கிறேன் என்றேன். காய்ச்சலா என்று கேட்டார். முழுவதும் சொன்னேன்.

"பேட்டியில படிச்சேன்னு சொன்னீங்களே" என்றார்.

"பொய் சார்."

"இதுக்கு மேல உங்க பேர்ல இத விமர்சனம்னு போட முடியாதும்மா. வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. முதல் வரியில நீங்க யாருன்னு எழுதுங்க, சொந்தப் பேர்ல. அதுக்கப்புறம் என்ன வேணாலும் எழுதுங்க. நாளைக்கு ராத்திரிக்குள்ள வேணும்."

கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் இடம் கொடுத்தார்.

பிப்ரவரி 19, வியாழன்

காலையிலிருந்து எழுதினேன். முதல் வரிக்கே மூன்று டம்ளர் மோர் ஆயிற்று. 'இந்த விளையாட்டைத் தொடங்கிய நால்வரில் நான் ஒருத்தி. சொல்லாமல் விட்டுவிட்டுப் போனவள். என் தீர்ப்பை அந்த அளவுக்கே நம்புங்கள்.'

நிறைகளைக் கூட்டவில்லை, குறைகளைக் குறைக்கவும் இல்லை. எழுத்து சின்னது, பை குழப்பம், மூன்றாம் துறையில் சண்டை இழுவை, சேமித்து வைக்கத் துறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் போட்டேன். தாமு பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் எழுதச் சொல்வான். பரிசல் ஒதுங்குவதைப் பற்றி, 'துடுப்பை விட்டுப் பாருங்கள்' என்று மட்டும் எழுதினேன்.

கடைசியில் இது: 'பெரிய குறை, நாலாவது இடத்துக்கு ஆள் வருவதில்லை. கடைசி வரை வருவதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.'

அனுப்பிவிட்டுச் சாப்பிடாமல் தூங்கிப்போனேன். தண்ணீர் அசையவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

வெளியாகிவிட்டது. விளையாட்டும், நான் எழுதியதும். பவானியிலிருந்து ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 21, சனி

காலை பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

'எழுத்து சின்னதா இருக்குங்கறது சரி. பெருசு பண்ணிட்டோம். மத்தது அப்படியே இருக்கும். ஜெரினா.'

என் எண்ணை வரதராஜனிடம் வாங்கியிருப்பாள். நூறு தடவை படித்திருப்பேன். வா என்று இல்லை. வராதே என்றும் இல்லை. அண்ணியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வெயிலுக்கு முன்னாடி கெளம்பினா மத்தியானத்துக்குப் போயிரலாம்" என்றார்.

"டாக்டர் அலையக் கூடாதுன்னாரே."

"ஒக்காந்துட்டுப் போற பஸ்ல என்ன அலைச்சல்? ஆனா அங்க போயி மீனு கீனு திங்கக் கூடாது. சோறு நாங் கட்டித் தாரேன்."

பிப்ரவரி 22, ஞாயிறு

பவானி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் மஞ்சள் பை. வேண்டுமென்று எடுக்கவில்லை, அண்ணி டிபன் டப்பாவை அதில்தான் வைத்துக் கொடுத்தார். அவிநாசி, பெருந்துறை என்று தூக்கத்தில் ஊர்கள் போயின. சித்தோடு தாண்டியதும் விழித்தேன். என்ன சொல்லுவது என்று முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன். மன்னிப்பு, காரணம், பயம் எல்லாம் வரிசையாக. இரண்டு பக்கம் வரும்.

தையல் கடை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. மாடிப்படி அதேதான், ஐந்தாவது படி இன்னும் உடைந்துதான் இருக்கிறது. கதவு திறந்திருந்தது. பெலிக்ஸ் தரையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தான். தாமுவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஜெரினா முதுகைக் காட்டிக் கணினி முன்னால் இருந்தாள்.

மணி ஒன்றே கால். யோசித்து வைத்த இரண்டு பக்கமும் படியிலேயே உதிர்ந்துபோயிருந்தது.

"சாப்பாட்டுக்கு வந்துட்டேன்" என்றேன்.

பெலிக்ஸ் கை அப்படியே நின்றது. தாமு எழுந்தான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான். ஜெரினா திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் அசைந்தது. திரையைப் பார்த்தபடியே, "கை கழுவிட்டு வா" என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். செய்தித்தாளின் மேல் மூன்று பொட்டலம் இருந்தது. மூன்றுதான். விளையாட்டில்தான் நாலு இலை. தாமு அதைப் பார்த்துவிட்டு, "நான் போயி இன்னொண்ணு வாங்கிட்டு வரேன்" என்று செருப்பைத் தேடினான்.

"எனக்குக் காமாலை, வெளிச் சாப்பாடு ஆகாது. கொண்டு வந்திருக்கேன்" என்றேன். மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். மோர்ச்சோறு. மேலே அண்ணி ஒரு தேக்கிலையை மடித்து வைத்திருந்தார். பீளமேட்டில் தேக்கிலைக்கு எங்கே போனாரோ தெரியாது.

இலையை விரித்துச் சோற்றை வைத்தேன். ஜெரினா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. என் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

தன் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு கவளம் எடுத்தாள்.